குளிர்பெட்டிக்கு முன் கேட்க வேண்டியது

கடையின் தொலைபேசியில் எழவு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், பெயரையும் ஊரையும் முதலில் கேட்காதீர்கள். ‘யார் வர வேண்டியிருக்கிறது?’ என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் அழைப்பவர் தாமாகவே சொல்லிவிடுவார். பெரும்பாலும் இரண்டு முறை சொல்வார். இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் சற்று நின்று, வீட்டுக்குள் திரும்பிப் பார்த்து, யோசித்து விடை சொல்ல வேண்டியிருக்கும். உடலை வைக்கும் குளிர்பெட்டி அந்த வீட்டுக்குத் தேவையா என்பது அந்த விடையில் இருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவரிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகும்படி, இப்போது கடையை நடத்தும் சுமதி அக்கா கேட்டுக்கொண்டார். கல்லூரி நாள்களில் காலையும் மாலையும், விடுமுறைகளில் நாள் முழுவதும் இந்த வாடகைப் பாத்திரக் கடையில் இருந்தேன். இப்போது ஆய்வுப் படிப்புக்காக வெளியூர் செல்கிறேன். பணி ஓய்வு பெறுகிறவர்கள் எழுத வேண்டியதை நான் இந்த வயதில் எழுதுவது சற்று மிகையாகத் தோன்றலாம். ஆனால் விலகிப் போகிறவர் விட்டுச்செல்ல வேண்டியது எந்த வயதிலும் ஒன்றுதான்.

நாற்காலிகளை எப்படி அடுக்குவது, சாமியானாவை எப்படி மடிப்பது, எந்த அண்டாவில் எத்தனை பேருக்குச் சோறு ஆகும் என்பவற்றை வண்டி ஓட்டும் பெரியசாமி அண்ணன் ஒரு வாரத்தில் கற்றுத்தந்துவிடுவார். அவற்றை எழுதப்போவதில்லை. இந்தக் கடையை நிறுவிய பாவாயம்மாளை நீங்கள் பார்த்ததில்லை. சுவரில் மாலையிட்ட படமாகவே அவரை அறிவீர்கள். படம் முடிவெடுக்காது, அவர் எடுத்தார். அதைத்தான் எழுதுகிறேன். புகழ்வது என் நோக்கமன்று. புகழ்ந்திருந்தால், “ஜமுக்காளம் வெயில்ல காயுது, போய் எடு கண்ணு” என்றிருப்பார்.

கணவரை இளம் வயதில் இழந்தவர். தறி விற்றுப் போயிற்று. சுமதி அக்கா ஒரே மகள். பாவாயம்மாளிடம் மிஞ்சியிருந்தவை, திருமணத்தின்போது சீராக வந்த பித்தளை அண்டாவும் தவலைகளும் தாம்பாளங்களும். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அவற்றைக் கொடுத்ததில் தொடங்கியது இந்தத் தொழில். பின்னர் பந்தல், நாற்காலி, சாமியானா என்று வளர்ந்தது. நம் ஊர் வெண்ணந்தூரில் கோவில் அன்னதானமோ பள்ளி ஆண்டு விழாவோ நடந்தால் சாமான்கள் வாடகையின்றிப் போகும். அவரும் கூடவே போவார். பந்தி முடியும்வரை நின்று பரிமாறுவார். சேவைக்கு வந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். கரண்டிகள் காணாமல் போகாமல் பார்க்கவும் வந்தார் என்பது கடையில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

கரண்டி விஷயத்தில் அவரிடம் இரக்கம் கிடையாது. ஒருமுறை கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் சலித்துப்போய், “ஒரு கரண்டிக்கா இத்தனை பேச்சுங்க அம்மாயி?” என்றார். வயது வேறுபாடின்றி ஊரில் பலர் அவரை ‘அம்மாயி’ என்றே அழைத்தார்கள்.

“ஒரு கரண்டி இல்லீன்னா அடுத்த ஊட்டுப் பந்தில ரசத்தைக் கையில மோந்தா ஊத்துவாங்க?” என்றார் பாவாயம்மாள்.

கரண்டி மறுநாள் வந்தது.

இத்தனை கறாரான ஒருவர் குளிர்பெட்டியை மட்டும் வாடகையின்றி ஏன் கொடுத்தார் என்று உங்களிடம் பலர் கேட்பார்கள். அவர் சொன்ன காரணத்தையே நானும் சொல்கிறேன். முன்பெல்லாம் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டிய எழவு வீட்டில் ஐஸ் கட்டிகளை வாங்கிவந்து உடலைச் சுற்றி அடுக்குவார்கள். ஐஸ் உருகி வீடெல்லாம் தண்ணீர் ஓடும். அழ வந்தவர்கள் உட்கார விரித்திருப்பவை இந்தக் கடையின் ஜமுக்காளங்கள். அவை ஊறி நாறிப்போய்த் திரும்பி வந்தன. “ஜமுக்காளத்தைக் காப்பாத்தத்தான் பெட்டி வாங்கினேன்” என்பார். வாடகை வாங்காததற்கும் கணக்கு இருந்தது. “எழவு ஊட்டுல பெட்டிக்குக் கையேந்தினா, நாளைக்குக் கல்யாணத்துக்கு என்ற அண்டாவத் தொடுவாங்களா?” இது முழுக் காரணமா என்று நான் ஆராயவில்லை. ஒரு செயலுக்குச் செய்தவரே காரணம் சொல்லியிருக்கும்போது, வேறொன்றைத் தேடுவது அவ்வளவு மரியாதையானதன்று.

சில வழக்கங்களை நீங்களும் காக்க வேண்டும். பெட்டி பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய் மூடியே இருக்க வேண்டும். கல்யாணச் சாமான் பேச வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. பெட்டியை இறக்கிவிட்டு வந்த வண்டியை மஞ்சள் நீரால் கழுவாமல் அதில் அண்டாவை ஏற்றக் கூடாது. எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘வாரேனுங்க’ என்று சொல்லக் கூடாது. தொலைபேசியிலும் கவனம் வேண்டும். எனக்கு முன்பு இங்கிருந்தவர், பெட்டி கேட்டவரிடம் பழக்கத்தில், “மறுபடி ஏதாச்சும் தேவைன்னா கூப்புடுங்க” என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பக்கம் இருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டு, “இனி எங்கூட்டுல நான் ஒருத்தந்தான் பாக்கி, தாயீ” என்றாராம்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

பெட்டி வாங்கிய சில காலத்தில் அது கௌரவப் பொருளாகிவிட்டது. பார்க்க வேண்டியவர்கள் அனைவரும் பார்த்து முடித்த வீட்டிலும், ‘இன்னார் வீட்டில் பெட்டி வைத்தார்கள், நம் வீட்டில் வைக்கவில்லையே’ என்ற பேச்சு எழுந்தது. ஒருமுறை பெட்டி ஒரு வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது, இன்னொரு வீட்டில் வர வேண்டிய ஒருவருக்காகக் காத்திருக்க முடியாமல் உடலை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பாவாயம்மாள் கேட்கத் தொடங்கினார்: “ஆருங்க வரோணும்?” பிறந்த வீட்டுக் கோடித்துணியோடு அண்ணன் வர வேண்டும் என்பார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பார்கள். பெட்டி போகும். எல்லாரும் வந்தாயிற்று என்றால், “அப்ப வெயிலுக்கு முன்னால அனுப்பி வெச்சருங்க சாமி. அவங்களை எதுக்குக் காக்க வெக்கறீங்க?” என்பார். சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

இதை ஒரு விதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அட்டையில் எழுதி மாட்டலாம் என்றும் சொன்னேன். “எழுதி மாட்டினா அதைக் காட்டித்தான் சண்டைக்கு வருவாங்க” என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரிதான் என்பது பின்னொரு நாள் விளங்கியது. முதியவர் ஒருவர் அழைத்தார். மனைவி அன்று காலையில் இறந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. கேள்வியை நான் கேட்டேன்.

“ஆரும் வரோணும்னு இல்லீங்க,” என்றார் அவர். “அவளுக்கு வெக்கை ஆகாது. அதுக்குத்தான் கேட்டனுங்க.”

தொலைபேசியின் ஒலிபெருக்கியை எப்போதும் போட்டே வைத்திருப்போம். பாவாயம்மாளின் கைகள் ஓய்ந்திருப்பது அரிது. அவர் தாம்பாளங்களைத் துடைத்தபடியே, “பெரியசாமி, பெட்டிய எடுத்துட்டுப் போ” என்றார். அழைப்பு முடிந்ததும் நான், “ஆரும் வர வேண்டியதில்லைன்னு சொன்னாருங்களேம்மா” என்றேன்.

“அவரே இன்னும் வந்து சேரலை, கண்ணு” என்றார்.

பெட்டி மறுநாள் மாலை திரும்பியது.

ஒரு கோடையில், அக்கினி நட்சத்திர நாள்களில், இந்தக் கேள்வியை அவர் தம் மகளிடமே கேட்க நேர்ந்தது. அதைத்தான் நீங்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும்.

சுமதி அக்காவைக் கொடுத்திருந்தது ஓமலூருக்கு அருகில் ஒரு தோட்டத்து வீட்டில். மாமனார் குழந்தைவேல் பெரிய விவசாயி. அந்தப் பக்கத்தில் நான்கு பேர் மதிக்கும் மனிதர். சிறுநீரகக் கோளாறால் சேலத்தில் மருத்துவமனையில் கிடந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அங்கே கைவிரித்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். செய்தி எங்களுக்கும் தெரியும். மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது குளிர்பெட்டி கழுவித் துடைக்கப்பட்டு வண்டியில் ஏறியிருந்தது.

“எந்த ஊட்டுக்குங்கண்ணா?” என்றேன்.

“இன்னும் ஊடு ஆகலை,” என்றார் பெரியசாமி அண்ணன். “மாப்ள நேத்து போன் பண்ணினாரு. பெரியவருக்கு இழுத்துட்டு இருக்குதாமா. பெட்டிய வெளிய எங்கயும் அனுப்பாம வெச்சிருங்கன்னாரு. நானும் சரீன்னு சொல்லிப்போட்டேன்.”

பாவாயம்மாள் வந்தார். வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

“பெரியசாமி, வண்டில என்ன?”

“பெட்டிங்க அம்மாயி.”

“எந்த எழவுக்கு?”

“சம்மந்தி ஊட்டுக்குங்க.”

“சம்மந்தி போயிட்டாரா?”

“இல்லீங்க. எந்நேரமும் ஆகலாம்னு…”

“உசுரோட இருக்கற மனுசனுக்குப் பெட்டிய ஏத்தி வெச்சிருக்கறயே, எமனுக்கு எருமையக் கழுவி நிறுத்தினாப்பல! எறக்கு மொதல்ல.”

அண்ணன் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதே சாந்தி என்ற பெண் வேகமாக வந்தார். விசைத்தறியில் வேலை செய்பவர். அவருடைய பக்கத்து வீட்டு ராசம்மா விடியற்காலையில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டிருந்தார். ராசம்மா அதே தறிக்கூடத்தில் நூல் சுற்றுபவர், கணவர் இல்லை. ஒரே மகன் முருகேசன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய் ராய்ப்பூர்ப் பக்கம் இருந்தான்.

“ஆரு வரோணும்?” என்றார் பாவாயம்மாள்.

“மகன் ஒருத்தந்தானுங்க. ரயில் ஏறிட்டேன்னு சொன்னான். நாளான்னிக்குக் காலைலதான் வந்து சேருவானாமா. அது வரைக்கும் எடுத்துராதீங்க, எடுத்துராதீங்கன்னு போன்ல ஒரே அழுகைங்க. இந்த வெயிலுக்கு எப்படிங்க அம்மாயி தாங்கும்?”

நான் இராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் அழைத்துப் பார்த்தேன். அந்த வெயிலில் முதியவர்கள் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி பழுது; மற்றவை வெளியே போயிருந்தன. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தொலைபேசி ஒலித்தது. சுமதி அக்கா.

“அம்மா, பெட்டிய அனுப்பி உட்ரும்மா. இங்க தோட்டத்துல நிறுத்திக்கட்டும். எல்லாரும் கேக்கறாங்க.”

“மாமா எப்படி இருக்கறாரு?”

“கண்ணு தொறக்கலை. மூச்சு மட்டும் ஓடுது.”

“மேட்டூர்ல இருந்து உன்ற கொழுந்தனாரு வந்துட்டாரா?”

“வந்துட்டாங்க. அத்தையோட பொறந்த ஊட்டுக்காரங்களும் வந்துட்டாங்க. எல்லாரும் வந்தாச்சும்மா.”

“அப்ப இனி ஆரு வரோணும்?”

 பின்னணியில் பல குரல்கள் கேட்டன.

“அந்தக் கேள்விய என்கிட்டயே கேக்கற, பாரு,” என்றார் சுமதி அக்கா.

“இங்க ஒருத்தி செத்துக் கெடக்கறா சுமதி. மகன் ரயில்ல வாரான்.”

“பாவந்தான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நாளைக்கு இந்த ஊட்டுல நான் எந்த மொகத்த வெச்சுட்டு இருக்கறது? சம்மந்தி ஊட்டுலயே பெட்டி இருந்தும் ஊரெல்லாம் தேட உட்டாங்கன்னு பேச மாட்டாங்களா? அத்தை இனி உன்னைய வாசப்படி ஏத்துவாங்களா? பேரனை அனுப்புவாங்களா?”

பாவாயம்மாள் மறுக்கவில்லை. “பேசுவாங்க,” என்றார். சற்றுக் கழித்து, “பேசத்தான் செய்வாங்க” என்றார் மீண்டும். பிறகு, “எல்லாரும் மாமாவைச் சுத்தி நின்னுட்டு இருக்காதீங்க, காத்து வரட்டும். துணிய நனைச்சு நெத்தில போடு. உதட்டை ஈரம் பண்ணிட்டே இரு” என்றார்.

அழைப்பு மறுமுனையில் துண்டிக்கப்பட்டது.

பெரியசாமி அண்ணன் தார்ப்பாயின் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். சாந்தி யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“எறக்க வேண்டாம்,” என்றார் பாவாயம்மாள். “அப்படியே ராசம்மா ஊட்டுக்கு ஓட்டு. ஒயர் பத்தாது, நீளமானத எடுத்துக்க. சாந்தி, நீ முன்னால ஏறி உக்காரு, வழி சொல்லு.”

வண்டி போனது. முந்தைய நாள் கல்யாண வீட்டிலிருந்து திரும்பியிருந்த கரண்டிக் கூடையை அவர் தம் முன்னே கவிழ்த்தார். எண்ணினார். மீண்டும் எண்ணினார். ஒன்று குறைவதாகச் சொல்லி அந்த வீட்டுக்கு அழைத்துப் பேசினார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கரண்டி அவருடைய காலடியிலேயே கிடந்தது. நான் எடுத்துக் கூடையில் போட்டேன். அவர் பார்த்தார், பேச்சை நிறுத்தவில்லை.

அவர் மனத்தில் அப்போது என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரே மகள், ஒரே பேரன், இருவரும் சம்பந்தி வீட்டில். இறந்த ராசம்மா அவருக்கு உறவில்லை. கடையின் வாடிக்கையாளரும் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்தே முடிவெடுத்தார். மகளிடம் கேட்ட கேள்வியும் சாந்தியிடம் கேட்ட கேள்வியும் ஒன்றாகவே இருந்தன, குரலைக்கூட மாற்றவில்லை.

முருகேசன் சொன்ன நாள் காலையில் வந்து சேர்ந்தான். அன்று பெட்டியைத் திருப்பி எடுக்கப் பெரியசாமி அண்ணனுடன் நானும் போயிருந்தேன். தலையிலும் சட்டையிலும் பாறைத் தூள் அப்பியிருக்க, பையைத் தோளிலிருந்து இறக்காமலே பெட்டியின் கண்ணாடிமேல் இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பெட்டி கடைக்குத் திரும்பியபோது கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் வெள்ளையாகப் பதிந்திருந்தன. பாவாயம்மாள் அவற்றைப் பார்த்தார். “தொடைச்சு வெய்யி பெரியசாமி” என்றார்.

குழந்தைவேல் பெரியவர் அதற்குள் சாகவில்லை. அந்த வாரத்திலேயே கண் திறந்தார். மோர் கேட்டார். பிறகு, எழுந்து உட்கார்ந்தார் என்றார்கள். ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள்.

கதை இங்கே இனிமையாக முடிந்திருக்கும் என்று நீங்கள் எண்ணக்கூடும். முடியவில்லை. சம்பந்தி அம்மாள் சொன்னதாகச் சுமதி அக்கா பின்னாளில் என்னிடம் சொன்ன வாக்கியம் இது: “பொழச்சது அவரு ஆயுசு. குடுக்காதது அவங்க மனசு.” அதற்கு மறுப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. கோடை விடுமுறைக்கு வழக்கமாக வரும் பேரன் அந்த ஆண்டு வரவில்லை. அவனுக்கென்று பாவாயம்மாள் வாங்கிவைத்த மாம்பழங்களைக் கடையில் நாங்கள் தின்று தீர்த்தோம். அடுத்த கூடையும் வாங்கினார். அதையும் நாங்களே தின்றோம். முடிவு சரியாக இருப்பதாலேயே அதன் விலை குறைந்துவிடாது என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து. தாய்வீட்டுச் சீர் இல்லாமல் செய்ய முடியாது என்பதால் அழைப்பு வந்தது. ஆனால் சமையலுக்கும் பந்தலுக்கும் சேலத்தில் வேறொரு கடையில் சொல்லியிருந்தார்கள். பாத்திரக் கடைக்காரியின் பேரன் காதுகுத்துக்கு வெளிக்கடைப் பாத்திரம். இதைவிடத் தெளிவாக ஒன்றைச் சொல்ல முடியாது. பாவாயம்மாள் நல்ல பட்டுடுத்தி, சீர்த்தட்டுகளைத் தூக்க என்னையும் அழைத்துக்கொண்டு குலதெய்வக் கோவிலுக்குப் போனார். சீரை வைத்தார். பேரனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பரிமாறப் போகாமல் விருந்தாளிகளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் ஒரு பந்தியில் சும்மா உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

குழந்தைவேல் பெரியவர் ஊன்றுகோலுடன் கூட்டத்தைக் கடந்து மெதுவாக வந்து அவர் முன்னே நின்றார். 

“ஏனுங்க சம்மந்தி,” என்றார் பெரியவர். “எனக்குன்னு எடுத்து வெச்ச பெட்டிய வேற ஆருக்கோ குடுத்துட்டீங்களாமா?”

சுமதி அக்காவின் முகம் வெளிறியது. பாவாயம்மாள் எழுந்து நின்றார்.

“குடுத்துட்டனுங்க,” என்றார். “உங்களுக்கு அவசரமில்லைன்னு பட்டுச்சுங்க.”

பெரியவர் தலையை ஆட்டினார். “கண்ணு தொறக்கலையே ஒழிய, காது நல்லாத்தானுங்க கேட்டுட்டு இருந்துச்சு. பெட்டி வரலை, பெட்டி வரலைன்னு இவனுக அடிச்சுக்கறானுக. எனக்குன்னா ஒரே நிம்மதி. வந்து வாசல்ல நின்னிருந்துச்சுன்னா, சரி, இத்தனை ஏற்பாடு பண்ணிட்டாங்களேன்னு வெக்கப்பட்டுட்டாச்சும் போயிருப்பனுங்க.”

முதலில் சிரித்தவர் மேட்டூர் மகன். பிறகு கூட்டம் சிரித்தது. சம்பந்தி அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் சமையல் பந்தலை நோக்கி ஊன்றுகோலை நீட்டி, “அதென்ன அண்டா, தகரம் மாதிரி இருக்குது? சோறு அடிப்பிடிக்கிற நாத்தம் இங்க வரைக்கும் வருது. சம்மந்தி, போய் என்னன்னு பாருங்க” என்றார்.

பாவாயம்மாள் பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அந்த ஆண்டுத் தீபாவளிக்குப் பேரன் வெண்ணந்தூருக்கு வந்தான்.

சென்ற தை மாதத்தில் ஒரு பின்னிரவில் பாவாயம்மாள் இறந்தார். சில நாள்களாகக் காய்ச்சல். சுமதி அக்கா குடும்பத்தோடு முன்பே வந்திருந்தார். கல்யாண மாதம் என்பதால் கடையை மூட வேண்டாம் என்று பாவாயம்மாளே சொல்லியிருந்தார். நான் கடையில் இருந்தேன். காலையில் பெரியசாமி அண்ணன் வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டி அப்போது பக்கத்து ஊரில், பெங்களூரிலிருந்து வர வேண்டிய மகளுக்காகக் காத்திருந்த ஒரு வீட்டில் இருந்தது.

“போய்ச் சொன்னா உடனே குடுத்துருவாங்க,” என்றார் அண்ணன். “அம்மாயிக்குன்னா ஆரு இல்லைன்னு சொல்லுவாங்க? நீ ஒரு வார்த்தை சொல்லு, எடுத்துட்டு வந்தர்றேன்.”

அவர் சொன்னது உண்மை. யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். என்னிடம் கேட்டதற்குக் காரணம், தொலைபேசி என் கையில் இருந்தது என்பதுதான். நான் வீட்டுக்கு அழைத்தேன். சுமதி அக்கா எடுத்தார்.  பெட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னேன். பிறகு, இந்தக் கடையில் இருந்து எத்தனையோ வீடுகளுக்குக் கேட்டதையே கேட்டேன்.

“ஆருங்கக்கா வரோணும்?”

 அவர் யாரிடமோ திரும்பிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்வது கேட்டது. குழந்தைவேல் பெரியவரின் குரல் தொலைவிலிருந்து வந்தது: “அங்கிருந்து பெட்டிய எடுத்துட்டு வந்தீங்கன்னா சம்மந்தி எந்திரிச்சு வைவாங்க. சும்மா இருங்க.”

சுமதி அக்கா மீண்டும் பேசினார். “பேரன் இருக்கறான். நாங்க இருக்கறோம். மாமன் கோடித்துணி எடுத்துட்டு வந்துட்டாங்க. ராசம்மா மகன் முருகேசன்கூட லீவுல வந்தவன், விடியறப்பவே வந்து பந்தக்கால் நட்டுட்டு இருக்கறான்.”

“அப்ப ஆரும் வர வேண்டியதில்லைங்களாக்கா?”

“நீதாஞ் சாமி வரோணும்” என்றார் அவர்.

நான் கடையைப் பூட்டினேன். தொலைபேசியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.